செய்மதியில் செல்லும் காமாக் கதிர் நிறமாலைமானிகள்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மாணவர்களும், மாலை வகுப்பு முடிந்து அவர்களை ஏற்றிச்செல்ல வந்து வாசலில் காத்திருக்கும் பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே திரட்டித் தந்திருக்கிறேன். பாடத்திட்டத்தில் காமாக் கதிர் என்பது கதிர்த்தொழிற்பாட்டு அலகின் சில பக்கங்களோடு முடிந்துவிடுகிறது. வானத்திலிருந்து வரும் காமாக் கதிரைப் பற்றி அங்கே பேச இடமில்லை. சில பதில்கள் சுருக்கமானவை. பின்னணி பற்றிய பதில் மட்டும் மிக நீளமானது. இத்துறையின் கடினமான வேலை முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

காமாக் கதிர் நிறமாலைமானி என்றால் என்ன? அது வெறும் எண்ணுங் கருவியிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

கண்ணிவெடி அகற்றும் பணியைப் பார்த்திராதவர்கள் வன்னியில் குறைவு. உலோகங்காட்டியைப் பிடித்துச் செல்பவரின் காதில் ஒலி எழுந்தால், நிலத்தில் உலோகம் இருக்கிறது என்பது தெரியும். அது வெடிபொருளா, தகரத் துண்டா, துருவேறிய ஆணியா என்பதை அந்த ஒலியிலிருந்து அறிய முடியாது. கைகர் எண்ணியும் ஏறத்தாழ அப்படிப்பட்டதே. கதிர் வந்தது, இத்தனை முறை வந்தது என்பதற்கு மேல் அதனால் எதுவும் கூற இயலாது. நிறமாலைமானியோ வந்த ஒவ்வொரு போட்டோனும், அதாவது கதிரின் ஒவ்வொரு சக்திப் பொட்டலமும், எவ்வளவு சக்தியைக் கொண்டுவந்தது என்பதை அளந்து, சக்திவாரியாகக் கணக்கெழுதி வைக்கிறது.

அந்தக் கணக்கு ஏன் இவ்வளவு பெறுமதியானது என்றால், ஒவ்வோர் அணுக்கருவுக்கும் தனக்கே உரிய சக்தி மட்டங்கள் இருக்கின்றன. உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்கு இறங்கும்போது அது வெளிவிடும் காமாப் போட்டோனின் சக்தி, இரண்டு மட்டங்களுக்கும் இடையிலான வேறுபாட்டுக்குச் சமமாக இருக்கும். ஆகவே வரைபில் குறிப்பிட்ட ஒரு சக்தியில் எழும் கூரிய முனை, அதாவது நாம் ‘கோடு’ என்று அழைப்பது, அந்தக் கருவின் பெயரையே எழுதிக் காட்டுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு போட்டோன் 2 அல்லது 3 இலத்திரன்வோல்ற்று சக்தி கொண்டது. இங்கே பேசப்படும் கோடுகள் பெரும்பாலும் சில நூறாயிரம் முதல் சில மில்லியன் இலத்திரன்வோல்ற்று வரையானவை. கிலோ இலத்திரன்வோல்ற்று என்பதை இனி கி.இ.வோ. என்று சுருக்கி எழுதுகிறேன்.

இதைச் செய்மதியில் ஏன் ஏற்ற வேண்டும்? வன்னியில் ஒரு வெட்டவெளியில் வைத்தால் போதாதா?

போதாது. நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதன் நிறைக்கும் சமமான நீர்த்தம்பம் ஏறத்தாழ 34 அடி உயரம் கொண்டதாக இருக்கும். இரணைமடுக் குளம் நிறைந்து, அளவுகோல் 36 அடியைக் காட்டி, வான்கதவுகள் திறக்கப்படும் நாளை நினைத்துப் பாருங்கள். அந்த ஆழத்தில், குளத்தின் அடித்தளத்தில் கருவியை வைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறோம் என்று சொல்வதற்கும், நிலத்தில் வைத்துப் பார்ப்பதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. 1000 கி.இ.வோ. அளவு சக்தி கொண்ட காமாக் கதிர்க்கற்றை ஒவ்வொரு 10 சென்ரிமீற்றர் நீரைக் கடக்கும்போதும் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. 34 அடி என்றால் நூறு தடவை பாதியாதல், எஞ்சுவது ஒன்றுமில்லை.

பெரிய பலூன்கள் 40 கிலோமீற்றர் உயரம் வரை செல்லக்கூடியவை. அங்கே வளிமண்டலத்தின் மிகச் சிறு பங்கே மேலே எஞ்சியிருக்கும். இத்துறையின் முதல் வெற்றிகள் சில பலூன்களுக்கே உரியவை. ஆனால் பலூன் சில நாட்களோ சில வாரங்களோ மட்டுமே மிதக்கும். வானத்தின் காமாக் கோடுகளோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பொறுக்கி எடுக்க வேண்டியவை.

கருவிக்குள் ஒரு போட்டோன் விழுந்ததும் என்ன நடக்கிறது?

மூன்றில் ஒன்று நடக்கும். சக்தி குறைந்த போட்டோன் தன் முழுச் சக்தியையும் ஓர் இலத்திரனிடம் ஒப்படைத்துவிட்டு மறைந்துபோகும். இது ஒளிமின் விளைவு. நடுத்தரச் சக்தியில், போட்டோன் ஓர் இலத்திரனோடு மோதிச் சக்தியின் ஒரு பகுதியை மட்டும் கொடுத்துவிட்டு வேறு திசையில் விலகும். இது கொம்ரன் சிதறல். 1022 கி.இ.வோ.க்கு மேல், கருவொன்றின் அருகே போட்டோன் ஓர் இலத்திரனாகவும், அதன் நேரேற்ற எதிர்த்துகளான ஒரு பொசித்திரனாகவும் மாறிவிடக்கூடும்.

நடுவிலுள்ள கொம்ரன் சிதறலே பெருந்தொல்லை தருவது. சிதறிய போட்டோன் உணரியாக உள்ள பளிங்கை விட்டு வெளியேறிவிட்டால், பதிவாகும் சக்தி உண்மையானதை விடக் குறைவாக இருக்கும்; அப்படிப்பட்ட பதிவுகள் எல்லாம் கோட்டுக்குக் கீழே ஒரு நீண்ட மேடாகப் படிந்து, வேறு மங்கலான கோடுகளை மூடிவிடும்.

ஜேர்மானியத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்? அதை ஏன் அவ்வளவு குளிராக வைக்க வேண்டும்?

இதற்கு ஒரு பழைய கதையோடு பதில் சொல்வதே நல்லது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவொன்று, சோடியம் அயடைட்டுப் பளிங்கைப் பலூனில் அனுப்பி, நம் பால்வீதியின் மையத் திசையில் 476 கி.இ.வோ.வை அண்டி ஒரு கோடு இருப்பதாக அறிவித்தது. சோடியம் அயடைட்டு, காமாப் போட்டோன் விழும்போது மினுங்கும் பளிங்கு. அந்த மினுக்கத்தின் பிரகாசத்தை அளந்து சக்தியைக் கணிப்பார்கள். ஆனால் அதில் ஒரு கோட்டின் அகலமே அதன் சக்தியில் பல வீதமாக இருப்பதால், 476 என்று கிடைத்த எண் உண்மையில் எந்தக் கருவுக்கு, எந்த நிகழ்வுக்கு உரியது என்று எவராலும் உறுதியாகக் கூற முடியவில்லை. பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. 1977-இல் பெல் ஆய்வுகூடத்தையும் சண்டியா ஆய்வுகூடத்தையும் சேர்ந்த லெவென்தால், மக்கலம், ஸ்ரங் ஆகியோர் அவுஸ்திரேலியாவிலிருந்து ஜேர்மானிய உணரியைப் பலூனில் அனுப்பினர். கிடைத்த எண் 510.7, பிழை அரை கி.இ.வோ. மட்டுமே. இலத்திரனும் பொசித்திரனும் சந்தித்து அழியும்போது பிறக்கும் போட்டோனின் சக்தி 511. விவாதம் அத்தோடு தீர்ந்தது.

ஜேர்மானியம் ஒரு குறைகடத்தி. அதனுள் ஒரு சோடி ஏற்றத்தை விடுவிக்க ஏறத்தாழ 3 இலத்திரன்வோல்ற்று சக்தி போதுமானது. ஆகவே 1000 கி.இ.வோ. போட்டோன் ஒன்று மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட சோடிகளை உண்டாக்குகிறது. எண்ணிக்கை பெரிதாக இருக்கும்போது அதன் ஏற்ற இறக்கம் ஒப்பளவில் சிறிதாகும். கோடு கூர்மையாவதற்குக் காரணம் இதுவே. ஆனால் அறை வெப்பநிலையில் வெப்பமே இலத்திரன்களை விடுவித்துக்கொண்டிருக்கும். போட்டோன் தரும் சிறு துடிப்பு அந்தக் கசிவில் அமிழ்ந்துவிடும். ஆகவே உணரியை, பாகை செல்சியசில் சொன்னால், சுழியத்துக்குக் கீழே 190 பாகையை அண்டிக் குளிர்விக்கிறார்கள். ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 2002 ஒக்ரோபர் 17-இல் ஏவிய இன்ரெக்ரல் செய்மதியின் ‘ஸ்பை’ என்ற நிறமாலைமானியில் இவ்வாறு குளிர்விக்கப்பட்ட 19 அறுகோண ஜேர்மானிய உணரிகள் இருந்தன. 20 முதல் 8000 கி.இ.வோ. வரை அது அளந்தது.

காமாக் கதிருக்கு வில்லை இல்லை என்கிறார்கள். பின்னர் திசையை எப்படி அறிகிறார்கள்?

நண்பகலில் பழைய கிடுகுக் கூரையின் கீழ் இருந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கிடுகின் ஓட்டைகள் வழியே நிலத்தில் விழும் வெளிச்சப் பொட்டுகள் வெயில் நகர நகரத் தாமும் நகரும். கூரையின் ஓட்டைகள் எங்கெங்கே உள்ளன என்பது தெரிந்தால், பொட்டுகளின் இடத்தைக் கொண்டே சூரியன் நிற்கும் திசையைச் சொல்லிவிடலாம். ஸ்பையின் கூரை 3 சென்ரிமீற்றர் தடிப்புள்ள தங்குதன் கட்டிகளால் ஆனது. 127 அறுகோண இடங்களில் 63 மூடியவை, மற்றவை திறந்தவை, உணரிகளுக்கு 1.7 மீற்றர் மேலே அது நின்றது. இந்த முறையில் கிடைக்கும் கூர்மை இரண்டரைப் பாகை அளவே, அதாவது வானத்தில் ஐந்து முழுநிலவுகளை வரிசையாக வைத்த அகலம். ஒளித் தொலைநோக்கிப் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

மற்றொரு வழி, நான் தொல்லை என்று மேலே சொன்ன கொம்ரன் சிதறலையே வேலைக்காரனாக்கிக் கொள்வது. போட்டோன் முதலில் எங்கே மோதியது, அடுத்து எங்கே மோதியது, ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு சக்தி விட்டது என்பவற்றை அளந்தால், அது வானத்தின் எந்த வளையத்திலிருந்து வந்தது என்று கணிக்கலாம். பல போட்டோன்களின் வளையங்கள் வெட்டிக்கொள்ளும் இடமே மூலம். 1991 ஏப்ரல் 5-இல் அத்லாந்திசு விண்ணோடம் கொண்டுசென்ற கொம்ரன் ஆய்வகச் செய்மதியின் ‘கொம்ப்ரெல்’ இந்த முறையில் இயங்கியது.

பின்னணி, பின்னணி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். அது என்ன?

நாம் தேடும் வானக் கதிர் அல்லாத, வேறு வழிகளில் கருவியில் விழும் பதிவுகளே பின்னணி. முதலில், வானத்திலிருந்து வரும் கதிரின் அளவைப் பாருங்கள். பால்வீதியின் உட்பகுதியிலிருந்து வரும், கதிர்த்தொழிற்பாடுள்ள அலுமினியம்-26 கோட்டின் போட்டோன்கள், ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்று என்ற வீதத்திலேயே விழுகின்றன. இந்தத் தூறலை அளக்கச் சென்ற கருவியின் மேலோ அண்டக் கதிர்கள் மாரி மழையாகக் கொட்டுகின்றன.

அண்டக் கதிர் என்பது பெரும்பாலும் மிக வேகமான புரோத்தன்கள். அவை செய்மதியின் சட்டத்திலும் தாங்கிகளிலும் உணரியிலுமே மோதி, அங்குள்ள கருக்களை உடைத்து, நியூத்திரன்களைத் தெறிக்கச் செய்து, கருவி முழுவதையும் இலேசாகக் கதிர்த்தொழிற்பாடு உள்ளதாக்கிவிடுகின்றன. ஆகவே விண்ணில் பறக்கும் நிறமாலைமானி பார்க்கும் கோடுகளில் மிகப் பெரும்பாலானவை அதன் சொந்த உடலிலிருந்து பிறந்தவை. ஜேர்மானியமே கதிர்ப்பட்டு 198 கி.இ.வோ.வில் ஒரு கோட்டைத் தருகிறது. இன்னும் வேடிக்கையானது, வானத்தின் அலுமினியம்-26 தேய்ந்து மகனீசியம்-26 ஆகும்போது வெளிவரும் 1809 கி.இ.வோ. கோடு, செய்மதியின் சட்டத்திலுள்ள சாதாரண அலுமினியத்தை நியூத்திரன்கள் தாக்கும்போதும் பிறக்கக்கூடியது. தேடும் பொருளையே தேடுபவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவதைப் போன்ற நிலை இது. கண்ணிவெடி தேடுபவருக்கு நிலத்திலுள்ள பழைய இரும்புத் துண்டுகள் எல்லாம் ஒலி எழுப்பித் தொல்லை தருவதை நேரில் கண்டவர்களுக்கு இதன் கடினம் புரியும். அங்கே ஒவ்வோர் ஒலியையும் தோண்டிப் பார்க்கலாம், இங்கே தோண்டிப் பார்க்க வழியில்லை.

இதைச் சமாளிக்கப் பல ஏற்பாடுகள் உண்டு. உணரிகளைச் சுற்றி வேறு பளிங்குகளால் ஒரு வேலி அமைப்பார்கள். வேலியும் உணரியும் ஒரே கணத்தில் துடித்தால், வந்தது பக்கவாட்டிலிருந்து புகுந்த துகள் என்று கொண்டு அந்தப் பதிவைத் தள்ளிவிடுவார்கள். ஸ்பையில் இந்த வேலி பிசுமது கலந்த 91 பளிங்குகளால் ஆனது. அதன் நிறை மட்டும் அரைத் தொன். அளக்கும் ஜேர்மானியத்தை விடக் காவல் காக்கும் பளிங்கு பல மடங்கு கனம் என்பதைக் கவனியுங்கள்.

சுற்றுப்பாதையைத் தேர்வதும் இதே காரணத்துக்காகத்தான். புவியைச் சுற்றியுள்ள கதிர்ப்பட்டைகளில் துகள்கள் நெருக்கமாக இருப்பதால், இன்ரெக்ரலை அவற்றுக்கு வெளியே, 150,000 கிலோமீற்றருக்கும் அப்பால் சென்று மூன்று நாட்களுக்கு ஒருமுறை திரும்பும் நீள்வட்டத்தில் விட்டார்கள். மறுபுறம், தாழ்ந்த சுற்றுப்பாதையில் மத்திய கோட்டை ஒட்டிப் பறந்தால் புவியின் காந்தப்புலமே அண்டக் கதிர்களில் பெரும் பகுதியைத் தடுத்துவிடும். இந்த விடயத்தில் நம் பிரதேசம் கொடுத்துவைத்தது: காந்த மத்திய கோடு தென்னிந்தியாவின் முனையையும் இலங்கையையும் அண்டியே செல்கிறது. பிரேசிலுக்கு மேலேயும் அதன் கிழக்கே தென் அத்திலாந்திக்கிலும் கதிர்ப்பட்டை தாழ்ந்து இறங்கியிருப்பதால், அந்தப் பகுதியைக் கடக்கும்போது பல கருவிகள் அளப்பதையே நிறுத்திவிடுகின்றன.

இவ்வளவு செய்தபின்னும் எஞ்சும் பதிவுகளில் வானத்துக்கு உரியது மிகச் சிறு பங்கே. மீதியைக் கணிப்பால் கழிக்க வேண்டும். திசையைச் சற்றே திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். திசையோடு மாறுவது வானத்துக்கு உரியது, மாறாதது கருவிக்கு உரியது. அண்டக் கதிரின் அளவு சூரியனின் பதினோராண்டுச் சுழற்சியோடு ஏறியிறங்குவதால், கருவியின் சொந்தக் கோடுகளும் அதனோடு ஏறியிறங்கும். பல ஆண்டுப் பதிவுகளை அடுக்கி அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் கற்றுக்கொண்ட பின்னரே ஒரு மங்கலான கோட்டைப் பற்றித் துணிந்து பேச முடியும். புதிய கோடு கண்டோம் என்ற அறிவிப்பைக் கேட்டால், அதன் சக்தியைக் கேட்பதற்கு முன்னர் பின்னணியை எப்படிக் கழித்தார்கள் என்று கேளுங்கள் என்பதே மாணவர்களுக்கு நான் கூறுவது.

துகள்களின் தாக்குதல் பளிங்கையும் கெடுக்கிறது. ஜேர்மானிய அணுக்கள் இடம் பெயர்ந்து, ஏற்றங்களைப் பிடித்துவைக்கும் பொறிகள் உண்டாக, கோடுகள் மெல்ல அகலமாகும். அதனால் ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அளவீட்டை நிறுத்தி, ஸ்பையின் உணரிகளை 100 பாகை செல்சியசு அளவுக்குச் சில நாட்கள் சூடேற்றினார்கள். அணுக்கள் தம் இடங்களுக்குத் திரும்ப, பழைய கூர்மையில் மிகப் பெரும் பகுதி மீண்டது. சுழியத்துக்குக் கீழே 190 பாகையிலிருந்து கொதிநீர்ச் சூட்டுக்கும், பின்னர் மறுபடி குளிருக்கும் ஒரு கருவியை இருபது ஆண்டுகளாக ஏற்றியிறக்கியவர்களின் பொறுமை பற்றி எழுதுபவர்கள் குறைவு. 19 உணரிகளில் நான்கு இடையில் செயலிழந்தன. மற்றவை இறுதிவரை உழைத்தன.

இவ்வளவு பாடுபட்டு எதைக் கண்டுபிடித்தார்கள்?

விண்மீன்களுக்குள் தனிமங்கள் உண்டாகின்றன என்பதை நேரில் கண்டார்கள். 1979-இல் ஏவப்பட்ட ஹீயோ-3 செய்மதியின் ஜேர்மானிய உணரிகள் பால்வீதியின் தளத்திலிருந்து வரும் 1809 கி.இ.வோ. கோட்டைக் காட்டின. அலுமினியம்-26-இன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 717,000 ஆண்டுகள்; பால்வீதியோ பத்து பில்லியன் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. ஆதியில் உண்டான அலுமினியம்-26 முழுவதும் எப்போதோ தேய்ந்து முடிந்திருக்கும் என்பதால், இன்று தெரிவது அண்மையில் ஆக்கப்பட்டதாகவே இருக்க முடியும். பின்னர் ஸ்பை இந்தக் கோடு இடத்துக்கு இடம் ஒரு கி.இ.வோ. அளவிலும் அதற்குக் குறைவாகவும் நகர்வதைக் கண்டது. பால்வீதி சுழல்வதால் ஒரு பக்கம் நம்மை நோக்கியும் மறுபக்கம் விலகியும் செல்வதே அந்த நகர்வுக்குக் காரணம். 2006-இல் வெளியான கணிப்பின்படி பால்வீதியில் உள்ள அலுமினியம்-26-இன் மொத்தத் திணிவு சூரியனைப் போல் ஏறத்தாழ 2.8 மடங்கு, அதிலிருந்து, பெரு விண்மீன்கள் நூற்றாண்டுக்கு ஏறத்தாழ இரண்டு வெடிக்கின்றன என்று பெறப்பட்டது. வெறுங்கண்ணுக்குத் தெரிந்த கடைசிப் பால்வீதி வெடிப்பு 1604-இல் நிகழ்ந்தது என்பதோடு இதை ஒப்பிட்டால், தூசிக்குப் பின்னால் நாம் எத்தனை வெடிப்புகளைத் தவறவிட்டிருக்கிறோம் என்பது தெரியும். காமாக் கதிருக்கு அந்தத் தூசி தடையாவதில்லை.

1987 பெப்ரவரியில், பால்வீதிக்கு அண்மையிலுள்ள மகெல்லன் பெருமுகில் என்ற விண்மீன் கூட்டத்தில் ஒரு சுப்பர்நோவா, அதாவது விண்மீன் வெடிப்பு, தோன்றியது. சூரியனை ஆராய்வதற்காகப் பறந்துகொண்டிருந்த ஒரு செய்மதியின் சோடியம் அயடைட்டு நிறமாலைமானி, அதே ஆண்டிலேயே அதிலிருந்து 847, 1238 கி.இ.வோ. கோடுகளைப் பிடித்தது. இவை கோபாற்று-56-இன் கையொப்பங்கள். வெடிப்பில் நிக்கல்-56 உண்டாகி, சில நாட்களில் கோபாற்று-56 ஆகி, அது 77 நாள் அரைவாழ்வில் இரும்பு-56 ஆகிறது. கோடுகள் எதிர்பார்த்ததை விட முன்கூட்டியே தெரிந்ததால், உள்ளே உண்டான பொருள் வெடிப்பின்போதே வெளிப்படைகளோடு கலந்துவிட்டது என்பதும் வெளிப்பட்டது. நம் மண்வெட்டியிலுள்ள இரும்பும், கிரவல் வீதிகளின் செந்நிறத்துக்குக் காரணமான இரும்பும் பெரும்பாலும் இதே வழியில் பிறந்தவை. 2014-இல் எம்82 என்ற, பால்வீதியைப் போன்ற வேறொரு விண்மீன் கூட்டத்தில் வெடித்த வேறு வகைச் சுப்பர்நோவாவிலும் இன்ரெக்ரல் இதே கோடுகளைக் கண்டது.

511 கி.இ.வோ. கதை மட்டும் இன்னும் முடியவில்லை. பால்வீதியின் நடுப்புடைப்பில் இவ்வளவு பொசித்திரன்கள் ஏன் குவிந்திருக்கின்றன என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விடை இல்லை. சுப்பர்நோவாக்கள், கருந்துளைகளை அண்டிய இரட்டை விண்மீன்கள், ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் அறியப்படும் கரும்பொருள் என்று பட்டியல் நீள்கிறது. கரும்பொருளை இழுத்து வருவதற்கு முன்னர் சாதாரண விளக்கங்களைத் தீர விசாரிக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

கொக்கிளாய், புல்மோட்டைக் கரையோர மணலில் தைத்தேனியமும் தோரியமும் உண்டே. வானத்தில் காண்பதும் அதுவும் ஒன்றா?

இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவியை நான் மிகவும் பாராட்டினேன். அந்தக் கருமணலின் இல்மனைற்று, இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. அதிலுள்ள தைத்தேனியம் நிலையானது, கதிர் விடாது. வானத்தில் காணப்படுவது தைத்தேனியம்-44. அரைவாழ்வு 60 ஆண்டுகள் அளவே. ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்கு முன் வெடித்த கசியோப்பியா-ஏ என்ற எச்சத்தில் அதன் 1157 கி.இ.வோ. கோட்டைக் கொம்ப்ரெல் 1994-இல் அறிவித்தது. அவ்வளவு குறுகிய ஆயுள் கொண்டது நம் கரையில் எஞ்சியிருக்க வாய்ப்பே இல்லை.

மணலோடு கலந்துவரும் மொனசைற்றில் தோரியம் உண்டு. அதன் தொடரில் பிறக்கும் தாலியம்-208 தரும் 2615 கி.இ.வோ. கோடு எந்த ஆய்வுகூட நிறமாலைமானியிலும் தெளிவாகத் தெரியும். அதைப் போலவே நம் உடலிலும் தேங்காயிலும் உள்ள பொற்றாசியம்-40 தரும் 1461 கி.இ.வோ. கோடும். ஆகவே பள்ளிக்கூடத்துக்கு என்றாவது ஒரு சிறு நிறமாலைமானி கிடைத்தால், வானத்துக்குப் போவதற்கு முன்னர் ஒரு சிரட்டை கருமணலில் பயிற்சியைத் தொடங்கலாம்.

இந்தச் செய்மதி எங்களுக்கு மேலே போகும்போது கதிரைக் கீழே அனுப்புமா?

அனுப்பாது. அது வாங்கும் கருவி மட்டுமே. தரவை அனுப்பச் சாதாரண வானொலி அலையைப் பயன்படுத்துகிறது.

காமா வெடிப்பு என்று செய்தியில் வருவதும் இதுவும் ஒன்றா?

உறவுடையவை. அணுக்குண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செய்மதிகள் 1967 யூலை 2-இல் விண்ணிலிருந்து ஒரு காமாத் துடிப்பைப் பதிந்தன. 1973-இல்தான் அது வெளியிடப்பட்டது. வெடிப்புகளில் கோடுகளை விட நேரமே முதன்மையானது. 2017 ஓகஸ்ட் 17-இல் இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் ஒன்றிணைந்த ஈர்ப்பலை வந்து 1.7 செக்கன்களுக்குப் பின் காமாத் துடிப்பு வந்தது. நாசாவின் காமாக் கதிர்ச் செய்மதியான பேர்மியோடு சேர்ந்து அதைப் பதிந்தது இன்ரெக்ரலின் உணரிகள் அல்ல, வேலியாக வைத்த அந்தப் பிசுமதுப் பளிங்குகளே. காவலுக்கு வைத்தவர் சாட்சியாகவும் ஆகிவிட்டார்.

திருவாதிரை வெடிக்கப்போகிறதாமே? வெடித்தால் இந்தக் கருவிகளுக்கு என்ன தெரியும், எங்களுக்கு ஆபத்தா?

மார்கழியில் திருவெம்பாவை பாடிக் கோயிலுக்குச் செல்பவர்கள் அறிந்த செந்நிறத் திருவாதிரை, வாழ்நாளின் இறுதிக் கட்டத்தை நெருங்கிய பெரு விண்மீன். அதன் வெடிப்பு நாளைக்கும் நிகழலாம், ஓர் இலட்சம் ஆண்டுகள் கழிந்தும் நிகழலாம். தூரம் 500 முதல் 700 ஒளியாண்டுகள் வரை. உயிர்களுக்குத் தீங்கு செய்யச் சுப்பர்நோவா சில பத்து ஒளியாண்டுகளுக்குள் இருக்க வேண்டும் என்பதால் அச்சத்துக்கு இடமில்லை.

நிறமாலைமானிக்கோ அது பெருவிருந்து. 1987-இன் சுப்பர்நோவா 168,000 ஒளியாண்டுத் தூரத்தில் இருந்தது. திருவாதிரை அதனிலும் 240 மடங்கேனும் அண்மையில் உள்ளது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கதிர் கூடுவதால், அதே அளவு கோபாற்று உண்டானால் கோடுகள் ஐம்பதினாயிரம் மடங்குக்கு மேல் வலுவாக இருக்கும். ஒரு போட்டோனுக்காகக் காத்திருந்து பழகிய மின்சுற்றுகள் அப்போது எண்ணவே திணறக்கூடும். தடித்த வெளிப்படை விரிந்து மெலிந்து காமாக் கதிருக்கு வழிவிடப் பல மாதங்கள் செல்லும் என்பதால், தயாராக நேரமும் கிடைக்கும்.

இப்போது எந்தக் கருவிகள் உள்ளன? நம் பக்கத்தில் ஏதேனும் உண்டா?

இன்ரெக்ரல் 2025 பெப்ரவரி 28-இல் அளவீட்டை நிறைவுசெய்தது. நாசாவின் ‘கோசி’ 2027-இல் ஏவத் திட்டமிடப்பட்டுள்ளது. ஜேர்மானியத்தின் கூர்மையையும் கொம்ரன் முறையின் பரந்த பார்வையையும் ஒன்றிணைக்கும் அந்தக் கருவி 200 முதல் 5000 கி.இ.வோ. வரை அளக்க இருக்கிறது. அதுவரை, அணுக்கருக் கோடுகளுக்கென்றே அமைந்த பெரிய ஜேர்மானிய நிறமாலைமானி எதுவும் வானத்தில் இல்லாத இடைவெளி இது. இதை முன்கூட்டியே அறிந்திருந்தும் விட்டுவிட்டார்கள் என்பது எனக்கு வருத்தம்.

இந்தியா 2015 செப்ரெம்பர் 28-இல் சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஏவிய அஸ்ட்ரோசாற்றில், கட்மியமும் நாகமும் தெலூரியமும் சேர்ந்த குறைகடத்திகளால் ஆன ஒரு கருவி உண்டு. கடுங்குளிர் தேவையில்லாதது, ஆனால் மேலே பேசிய கோடுகளுக்குக் கீழேயுள்ள சக்திகளுக்கே அது பெரிதும் உரியது. அதன் பாதை மத்திய கோட்டுக்கு 6 பாகை மட்டுமே சாய்ந்தது. எனவே அது வன்னியின் உச்சிக்கு வருவதில்லை, இலங்கையின் தென்முனையை ஒட்டியே கடக்கிறது.

உயர்தரம் முடித்த ஒருவர் இங்கிருந்தே இதில் ஈடுபட முடியுமா?

முடியும். பேர்மியின் தரவும் இன்ரெக்ரலின் பழைய தரவும் எவரும் இலவசமாக எடுக்கக்கூடியவை. இணைய இணைப்பும் ஒரு மடிக்கணினியும் போதும். நிரலாக்கமும் புள்ளிவிபரவியலும் கட்டாயம் வேண்டும். பௌதிகவியலில் சித்தி பெற்றால் போதும் என்று நினைப்பவர்களிடம், மேலே பின்னணி பற்றி எழுதியதை மறுபடி வாசிக்கச் சொல்வேன். அங்கே நடப்பது பாதிக்கு மேல் புள்ளிவிபரவியல்.

அந்த 511 கி.இ.வோ. வரும் இடத்தை வெறுங்கண்ணால் பார்க்கலாமா?

திசையைப் பார்க்கலாம், கதிரைப் பார்க்க முடியாது. மூலம் என்ற நட்சத்திரமாக நாம் அறியும் விருச்சிகத்தின் வாலைக் கண்டுபிடியுங்கள். அதற்குச் சற்றுக் கிழக்கே, பூராடத்தை நோக்கிப் போகும் வழியில், பால்வீதி மிக அகன்று தெரியும் இடத்தை அண்டியே மையம் இருக்கிறது. ஆனித் தொடக்கத்தில் நள்ளிரவிலும், சிறுபோக அறுவடை நடக்கும் ஆவணித் தொடக்கத்தில் இரவு எட்டு மணியை அண்டியும், அது தெற்கே அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 52 பாகை உயரத்தில் நிற்கும். யானைக் காவலுக்குப் பரணில் இருப்பவர்கள் ரோச் வெளிச்சத்தை அணைத்துப் பத்து நிமிடம் பொறுத்தால் கண் பழகிவிடும். அந்தத் திசையிலிருந்து, விரல் நக அளவு பரப்புக்குக் கால் மணித்தியாலத்துக்கு ஒன்றளவில் வந்துகொண்டிருக்கும் 511 கி.இ.வோ. போட்டோன்களில் பெரும்பாலானவை, பரணுக்கு 30 கிலோமீற்றர் மேலேயே காற்றில் மோதிச் சக்தியை இழக்கத் தொடங்கிவிடுகின்றன.